உரித்துப் போட்ட இருமல்

ஊரார் சளியைக் கையில் வாங்குவதில் அவளுக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. அவள் வேலையே அதுதான். ஆஸ்பத்திரிக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த ஒரு பரிசோதனை லேபில், சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மூடி போட்ட டப்பாக்களை வாங்கி, பெயர் ஒட்டி, தட்டில் அடுக்குவாள். சளி, சிறுநீர், மலம், சீழ். கொண்டு வருகிறவர்கள் வெட்கத்தில் டப்பாவைக் காகிதத்தில் சுற்றி, காகிதத்தைப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, திருட்டு நகையை விற்க வந்தவர்கள் மாதிரி அக்கம்பக்கம் பார்த்து நீட்டுவார்கள். அவள் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது வெறும் எச்சி. நெஞ்சுல இருந்து வரணும். நாளைக்குக் காலைல நல்லா இருமி எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவாள். மத்தியானம் கையைக் கழுவிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

குமட்டல் எல்லாம் அவளுக்கு வேறு இடத்தில். மேடைக்குப் பக்கத்தில்.

மேடையில் அவள் பெயர் துரு. வீட்டில் சின்னவள். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். பழைய பஸ் வந்தால் முதல் வேலை துருவைச் சுரண்டுவது. சுரண்டாமல் மேலே எத்தனை பெயிண்ட் அடித்தாலும் உள்ளேயிருந்து அது கிளம்பி வந்துவிடும் என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள், ராப் பாட ஆரம்பித்தபோது அந்தப் பெயரையே வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் சிங்கம், புலி, ராஜா என்று வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இவள் துரு. போஸ்டரில் அச்சடித்தவன் எழுத்துப் பிழை என்று நினைத்து ஒருமுறை 'திரு' என்று திருத்திவிட்டான். அன்றைக்கு இவளைத் தேடி வந்தவர்கள் மீசை வைத்த ஆளை எதிர்பார்த்து ஏமாந்தார்கள்.

அவள் பாட்டில் கார் கிடையாது, தங்கச் சங்கிலி கிடையாது, இடுப்பை ஆட்டுகிற பெண்கள் கிடையாது. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாத ஆபீஸ், வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் துருவித் துருவிக் கேள்வி கேட்கிற வீட்டுக்காரர், அரை நாள் லீவுக்கு முழு நாள் பொய் சொல்ல வேண்டியிருக்கிற பிழைப்பு, இவைதான் இருக்கும். எந்தப் பாட்டுக் கம்பெனியும் அவளைச் சீண்டவில்லை, அவளும் எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்கவில்லை. அவளே எழுதி, வீட்டில் துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பதிவு செய்து (தொங்குகிற புடவைகள் எதிரொலியை விழுங்கிவிடும்), இணையத்தில் போடுவாள். தாளம் போட்டுக் கொடுப்பவன் தகரம். பகலில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கையில் எது கிடைத்தாலும் தட்டிப் பார்ப்பான், அதனால் அந்தப் பெயர். ஒருமுறை அவள் அக்கா வீட்டுக் குக்கரைத் தட்டி நசுக்கிவிட்டு, 'சத்தம் இப்பதான் சரியா வருது' என்று சொன்னான். அக்கா இன்னும் அதை மறக்கவில்லை.

இப்படிப் பல வருஷம். பாடக் கூப்பிட்ட இடங்களைப் பற்றி எழுதினால் காகிதம் நாறும். மதுக்கடை மாடியில் ஒரு மேடை. உடை மாற்ற இடம் கேட்டால் காலி பாட்டில் அடுக்கிய அறையைக் காட்டினார்கள், அங்கே ஈரத் துடைப்பத்தின் மேல் பூசணம் பூத்திருந்தது. இன்னொரு இடத்தில் அவளுக்கு முன்னால் பாடினவன் மைக்கின் வலைக்குள் இருக்கிற பஞ்சில் எச்சிலை ஊற வைத்துவிட்டுப் போயிருந்தான். பிழிந்தால் சொட்டும். எதிரில் நாற்பது பேர், அதில் பாதிப் பேர் அடுத்துப் பாடப் போகிறவர்கள், மீதிப் பாதி அவர்களுடைய நண்பர்கள். முடிந்ததும் ஒருத்தன் வந்து தோளில் கையைப் போட்டு, "பொண்ணா இருந்தாலும் நல்லா எழுதுறீங்க" என்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேங்க்ஸ் சொல்லுவாள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தோளைத் தேய்ப்பாள்.

ஆனாலும் விடவில்லை. அந்த நாற்பது பேரில் யாராவது ஒருவர் ஒரு வரிக்குத் தலையை நிமிர்த்துவார். அந்தத் தலைக்காக அடுத்த மாதமும் போவாள். அப்படி ஒரு கிறுக்கு.

இவளும் தகரமும் இன்னும் சில தனிக்காட்டு ராஜாக்களும் சேர்ந்து தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பாட்டு வெளிவந்து ஒரு வாரம் கழித்து, அதை உரித்துப் போட வேண்டும். அதாவது, தாளம் தனி, குரல் தனி, பின்னணிச் சத்தம் தனி என்று பாட்டை அக்கக்காகப் பிரித்து, யார் வேண்டுமானாலும் எடுத்து வேறு பாட்டாகக் கட்டிக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிடுவது. எடுக்கிறவர் முதலில் பாடினவர் பெயரைப் போட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கம்பெனிக்காரர்கள் பூட்டிப் பூட்டி வைக்கிறார்கள், நாம் திறந்து போடுவோம் என்பது இவர்களுடைய ரோஷம். உரிக்காதவனை அந்தக் கூட்டத்தில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அப்பாவின் நுரையீரல் பெயிண்ட் அடித்தே போயிற்று. பட்டறையில் ஸ்ப்ரே அடிக்கும் அறைக்கு ஒரே கதவு. தூசி பட்டால் மேல் பூச்சு சொரசொரக்கும் என்று அதையும் மூடிவிடுவார்கள். மூக்கைக் கட்டக் கைக்குட்டை உண்டு, அதுவும் அப்பாவுடைய கைக்குட்டை. வேலையிலிருந்து நின்றபோது பட்டறைக்காரர்கள் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்துக் கை கழுவினார்கள். இப்போது அவரும் சின்னவளும் அக்கா வீட்டில்தான். ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தபடி தூங்குகிறார், படுத்தால் மூச்சு முட்டுகிறது. கட்டிலுக்குக் கீழே ஒரு சட்டி. காலையில் அதைக் கழுவுவது சின்னவள். அதிலும் அவளுக்கு அருவருப்பு இல்லை.

டாக்டர் ஒருமுறை, "விடியற்காலைல எப்படி இருமுறாருன்னு பதிவு பண்ணிட்டு வாங்க, கேட்டுப் பார்க்கலாம்" என்றார். அப்பாவிடம் சொன்னால் வெட்கப்பட்டு அடக்கிக்கொள்வார் என்று, அவள் சொல்லாமல் போனைக் கட்டிலுக்கு மேலே அலமாரியில் வைத்தாள். டாக்டர் பாதி கேட்டுவிட்டு, "ம், சரி" என்று பழைய மருந்தையே எழுதினார். முழுசாகக் கேட்டது தகரம்தான். வேறு யாராவது காதை மூடிக்கொண்டிருப்பார்கள். இவன் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டான்.

"துரு, தப்பா நினைக்காத. இது டிரம்மு. பட்டறை உள்ளேயிருந்து அடிக்குது பாரு. நீ எழுதி வச்சிருக்கியே, அந்தப் பெயிண்ட் பாட்டு, அதுக்கு வேற எந்தத் தாளமும் ஒட்டாது."

அவளுக்குப் பகீரென்றது. ஆனால் அவன் சொன்னது உண்மை என்று அவள் காதுக்குத் தெரிந்துவிட்டது. காது ஒரு மானங்கெட்ட உறுப்பு, நல்ல தாளம் என்றால் எங்கிருந்து வந்தது என்று பார்க்காது. இருமலை நறுக்கி, பொடியாக்கி, யாருக்கும் இருமல் என்று தெரியாதபடி மாற்றி, 'ரெண்டாங் கோட்டு' (இரண்டாவது பூச்சு) என்ற பாட்டுக்கு அடியில் ஓடவிட்டார்கள்.

மொதக் கோட்டு பஸ்ஸுக்கு, ரெண்டாங் கோட்டு நெஞ்சுக்கு
மூக்குல வைக்கக் கேட்டா கைய விரிச்சான் பஞ்சுக்கு
வண்டியெல்லாம் பளபளப்பு, உள்ள பூராக் கருங்கறுப்பு
வாங்கின மூச்சத் திருப்பித் தர இந்த நெஞ்சுக்கு ஏன் வெறுப்பு

அப்பாவுக்குக் காதில் மாட்டிக் கேட்கக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். தலை தாளத்துக்கு ஆடியது.

"நல்லாத்தான் இருக்கு. ஏம்மா இவ்வளவு வேகமாத் திட்டுற? அவங்களுக்குப் புரிய வேண்டாமா?"

"புரியுதாப்பா உங்களுக்கு?"

"எனக்கு என்ன, நான் உள்ள இருந்தவன்தானே. அந்த டக் டக்குனு ஒண்ணு வருதே, அது என்ன மெஷினு? நல்லா இருக்கு" என்றார் அப்பா.

"தகரம் ஏதோ தட்டினான்" என்று சொல்லி அவள் எழுந்து போய்விட்டாள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அதைக் கோட்டைவிட்டாள்.

பாட்டு நாற்பது பேரிலிருந்து நூறு பேர் வரைக்கும் போயிற்று. ஒரு வாரம் ஆனதும் வழக்கப்படி உரிக்க வேண்டியிருந்தது. அன்று லேபில் ஏதோ காய்ச்சல் பரவிக் கூட்டம் அலைமோதியது. டப்பா வாங்கிக்கொண்டே, இடது கையால் போனில், பாட்டின் துண்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். 'இருமல்' என்று ஒன்று இருந்தது, 'இருமல் வெட்டினது' என்று இன்னொன்று இருந்தது. ஜன்னலில் ஒரு ஆள் டப்பாவை ஆட்டி அவசரப்படுத்தினான். வெட்டினதை ஏற்றுவதற்குப் பதிலாக முழுசையும் ஏற்றிவிட்டு, "பேர் என்ன சார்?" என்று கேட்டாள்.

அந்த முழுசில் அப்பாவின் விடியற்காலை அப்படியே இருந்தது. கொக்கி போட்டு இழுக்கிற இருமல், அது முடிந்து மூச்சைத் தேடுகிற விசில், சட்டியில் துப்புகிற சத்தம். அப்புறம், பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்து அவர் தன் கடவுளிடம் பேசியது.

"போதும்டா சாமி. போதும்டா சாமி. கூட்டிட்டுப் போடா."

டாக்டருக்கு எடுத்துப் போனபோதே இது அவள் காதில் விழுந்தது. அன்றைக்கு அழுதாள். பிறகு வெட்டி எறிந்ததாக நினைத்து மறந்தாள்.

ஜிகினா என்று ஒருவன் இருந்தான். பார்ட்டிகளில் பாட்டுப் போடுகிறவன், முகமெல்லாம் மினுமினுப்புப் பூசிக்கொள்வான். அவன் கையில் இது கிடைத்தது. அப்பாவின் 'போதும்டா சாமி'யை எடுத்து, கொஞ்சம் வேகமாக்கி, கீச்சுக் குரலாக்கி, பின்னால் இருமலை டம் டம் என்று அடிக்கவிட்டு, துப்புகிற சத்தத்தை ஒவ்வொரு வரியின் முடிவிலும் வைத்தான். அதுதான் எல்லோருக்கும் பிடித்தது, அந்தத் துப்பல். 'கூட்டிட்டுப் போடா' என்பதை நாலு தரம் திருப்பிப் போட்டு ஆட்டத்தைக் கிளப்பினான். சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காகப் பெயரும் போட்டான்: துரு. அவளுக்குக் குரல் செய்தியும் அனுப்பினான்: "அக்கா, உங்க பேரைப் பெருசாவே போட்டிருக்கேன். ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். யாருக்கா அந்தப் பெருசு? செம நடிப்பு!"

அவள் லேபில் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். ஊரார் மலத்தை மோந்து பார்த்தும் எடுக்காத வாந்தி.

அதற்கப்புறம் அது ஊரை நாற அடித்தது. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறவன் 'போதும்டா சாமி' என்று வாயசைத்து வீடியோ போட்டான். பெண்டாட்டி திட்டுகிறாள் என்று ஒருவன், பரீட்சை என்று ஒருத்தி, நாய் குளிக்க மறுக்கிறது என்று ஒரு குடும்பம். எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி, கடைசியில் ஸ்டைலாகத் துப்பினார்கள். ஜிம்மில் ஓடியது. பல் டாக்டர் வரவேற்பறையில் ஓடியது. அக்கா வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், குழந்தைகள் தினமும் கோரஸாக இருமிக்கொண்டே ஏறுகிறார்கள் என்று வந்து சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். அன்று அவருக்குச் சாப்பாடு கிடையாது.

அக்கா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "ஏன்டி, பாட்டெழுத உனக்கு ஊர்ல வேற சங்கதியே இல்லையா? பெத்தவர் துப்புறதை ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டியிருக்கியே. நீ நல்லா இருப்பியா?"

"நான் போடலைக்கா. தவறிப்போச்சு."

"தவறிப்போக அது என்ன குடையா?"

அவள் அன்றே இணையத்துக்காரர்களுக்கு எடுக்கச் சொல்லி எழுதினாள். 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்களே அறிவித்திருக்கிறீர்கள்' என்று மரியாதையாகப் பதில் வந்தது. தகரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாமே வைத்த வழக்கம், நாமே எப்படி மீறுவது என்று முனகினான். "அப்ப உங்கப்பா இருமலை உரிச்சுப் போடு, பார்க்கலாம்" என்று அவள் கத்தினாள். தொடையில் தாளம் போடும் பழக்கம் அன்றோடு அவனுக்கு நின்றுபோனது.

ஒன்றே ஒன்றில் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். அப்பாவுக்குத் தெரியக் கூடாது. ரேடியோவைத் தகரம் வந்து, "காயில் போயிடுச்சு, கட்டித் தரேன்" என்று தூக்கிப் போனான். "ரேடியோவுக்கு ஏதுடா கட்டுறதுக்குக் காயிலு" என்று கேட்டவரிடம், "இது புது மாடல்" என்று உளறினான். தெருவில் அந்தப் பாட்டோடு வண்டி போனால் அக்கா மிக்ஸியைப் போடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாமல் மிக்ஸி வெறுமனே கத்தும்.

இதற்கிடையில் துருவுக்குப் பெயர் வந்துவிட்டது. பல வருஷம் காத்திருந்த பெயர்! ஒரு பெரிய கல்லூரியில் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் முதல்முறையாகப் பெரிய மேடை, நல்ல மைக், எதிரில் ஆயிரக்கணக்கில் தலைகள். இவர்களிடம் உண்மையான பாட்டைப் பாடிவிட்டால், இது எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். நல்ல நினைப்புதான்.

'மொதக் கோட்டு பஸ்ஸுக்கு' என்று ஆரம்பித்தாள். "சாமி! சாமி!" என்று கத்தினார்கள். அவள் நிறுத்தாமல் பாடினாள். முன்வரிசையில் ஒருவன் இருமினான். பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டு இருமினாள். அப்புறம் மொத்த அரங்கமும், ஒரே தாளத்தில், நாக்கை நீட்டி, எச்சில் தெறிக்க இருமியது. படித்த பிள்ளைகள், பளிச்சென்ற சட்டைகள், ஆரோக்கியமான நுரையீரல்கள். அவளுக்கு அவர்கள் வாய்தான் தெரிந்தது. ஆயிரம் சிவந்த வாய்கள். சளி என்றால் என்ன என்று அறியாதவர்களின் பொய் இருமல் எவ்வளவு அசிங்கம் என்று அன்றுதான் பார்த்தாள். லேபில் வருகிறவர் யாரும் இப்படி இருமுவதில்லை. அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற கண்ணோடு இருமுவார்கள்.

அவள் பாடுவதை நிறுத்தினாள். சவுண்டு பார்க்கிறவர் அதைச் சமிக்ஞை என்று எடுத்துக்கொண்டு ஜிகினாவின் பாட்டைப் போட்டுவிட்டார். கூரை அதிர்ந்தது. 'போதும்டா சாமி' என்று கீச்சுக் குரலில் அப்பா கெஞ்ச, பிள்ளைகள் குதித்தார்கள்.

அப்போதுதான் தன் காலைக் கவனித்தாள். வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவளைக் கேட்காமலே.

மேடைக்குப் பின்னால், தண்ணீர் போகாமல் தேங்கி நின்ற வாஷ்பேசினில் குனிந்து நின்றபோது, ஏற்பாட்டாளர் வந்து, "மேடம், பசங்க இன்னொரு தடவை கேக்கறாங்க" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு போனாள். கையைத் தூக்கி ஆட்டினாள், கடைசியில் மைக்கில் துப்புகிற மாதிரி செய்தும் காட்டினாள். அதற்குத்தான் பெரிய கைதட்டல். யார் மேலும் வராத அளவுக்கு அன்றைக்கு அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. வீட்டுக்குப் போய் எதைத் தேய்ப்பது என்று தெரியவில்லை.

ஒரே ஆறுதல், அந்த நாட்களில் அப்பாவுக்கு இருமல் குறைந்திருந்தது. காலையில் சட்டியில் அவ்வளவாக ஒன்றும் இருப்பதில்லை. புது மருந்து வேலை செய்கிறது என்று அக்கா சொன்னாள். புது மருந்து ஏது, அதே மருந்துதான். இருந்தாலும் நம்பினார்கள். அப்பா மட்டும் கொஞ்சம் கறுத்துப் போய், கண் உப்பி இருந்தார். தூக்கம் சரியில்லை என்றார்.

அப்போதுதான் ஒரு இருமல் மிட்டாய்க் கம்பெனி கூப்பிட்டது. அறைக்குள் நுழையும்போதே செயற்கை எலுமிச்சை மணம் தொண்டையை அடைத்தது. விளம்பர அதிகாரி மேசை மேல் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய் வைத்திருந்தார், பேச்சுக்குப் பேச்சு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

"மேடம், பாட்டை நாங்க வாங்கிக்கறோம். மொத்தமா. அப்புறம் இந்த ஜிகினா, மத்த சில்லறை எல்லாம் இருக்காது. எங்க வக்கீலுங்க ஒண்ணு விடாம எடுத்துருவாங்க. நீங்க எழுதிப் போட்ட வாசகத்துல ஓட்டை இருக்குன்னு சொல்றாங்க."

அவளுக்கு முதல்முறையாக மூச்சு வந்தது. "எல்லா இடத்துல இருந்தும் எடுத்துடுவீங்களா?"

"எல்லா இடத்துல இருந்தும். எங்க விளம்பரத்துல மட்டும்தான் வரும்." கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "ஒரு சின்ன விஷயம். அந்த இருமல் கேட்டீங்கன்னா, அதுல ஒரு சோகம் இருக்கு. சளியும் ஜாஸ்தி. எங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமான இருமலா வேணும். நிஜமாவே உங்க அப்பாதான்னு கேள்விப்பட்டேன். இருக்காருல்ல?"

"இருக்காரு."

"நல்லதாப் போச்சு. ஒரு மணி நேரம் ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டு வாங்க. ஏசி எல்லாம் இருக்கு, சிரமமே இருக்காது."

சந்தோஷமான இருமல். கிண்ணத்தைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. தெருத்தெருவாகக் கிடக்கிற அப்பாவைப் பொறுக்கி எடுக்க வேறு வழியும் இல்லை. டிவியில் மட்டும் வருவார். ஒரே இடத்தில், சுத்தமாக. இப்படி ஒரு கணக்கு மனசில் ஓடியதே, அதுதான் கேவலம். "கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்தாள். பஸ்சில் வரும்போது, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, திட்டினால் வாங்கிக்கொள்வது, என்ன செய்யலாம் என்று அவரையே கேட்பது என்று முடிவு செய்தாள்.

சாயங்காலம். அக்கா கடைக்குப் போயிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. அப்பா தூங்குகிறார் என்று நினைத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு ஒருக்களித்திருந்தது.

அவர் தூங்கவில்லை. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, துண்டை நாலாக மடித்து வாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கழுத்து நரம்பு விரல் கனத்துக்கு எழுந்து நின்றது. முகம் கறுத்துக்கொண்டே போனது. சத்தம் மட்டும் இல்லை. இத்தனை நாளாக அவர்கள் குறைந்துவிட்டதென்று சந்தோஷப்பட்ட இருமல் அந்தத் துண்டுக்குள் இருந்தது.

அவள் ஓடிப்போய்த் துண்டை இழுத்தாள். அவர் விடவில்லை. முடிந்த பிறகுதான் விட்டார். மூச்சு திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"என்னப்பா பண்றீங்க? செத்துப் போயிடுவீங்க!"

அப்பா அவள் கையைப் பார்த்தார். கையில் போன் இருந்தது.

"தண்ணி கேன் போடுறவர் போன் அந்தப் பாட்டுலதான் அடிச்சுது, ரொம்ப நாளைக்கு முன்னாடி. அவர் எடுக்கறதுக்குள்ள முழுசாக் கேட்டுட்டேன்" என்றார் மெதுவாக. "குரலை என்னமோ பண்ணியிருக்காங்க. இருந்தாலும் எனக்குத் தெரியாதா? உன் பேருதான் பெருசா இருக்குன்னு சொன்னார். சரி, பிள்ளைக்குப் பேரு வந்துச்சுன்னு விட்டுட்டேன்."

"அப்பா, அது தவறிப்போய்..."

"இருமலை எடுத்துக்கோம்மா. அதை வச்சு நான் என்ன பண்ணப் போறேன். சாமிகிட்ட பேசினதை எடுத்திருக்க வேண்டாம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இப்ப அவர்கிட்டயும் பேசறதில்லை."

அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா அவள் தலையில் கை வைத்தார். அடுத்த இருமல் கிளம்புகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, தோள் முன்னால் குவிந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"போனை வெளியில வச்சிட்டு வாம்மா. இரும வருது."

அவள் எழுந்து ஓடினாள். போனைப் படிக்கட்டில் வைத்தாள், வாசல் கதவைச் சாத்தினாள், அறைக் கதவையும் சாத்தினாள். திரும்பி வந்து வெறும் கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினாள். "இல்லப்பா. ஒண்ணும் இல்ல. நல்லா இருமுங்க. சத்தமா இருமுங்க."

அப்பா அவள் கைகளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். கட்டிலுக்கு மேலே இருந்த அலமாரிப் பக்கம் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு துண்டை மடித்து வாயில் வைத்துக்கொண்டு இருமினார்.